பையனின் பள்ளி சைக்கிளில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போக முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: வயது 46, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற அலுவலக வேலை, சென்னையிலிருந்து கடற்கரையோரமாகவே கன்னியாகுமரி வரை சைக்கிளில் போக வேண்டும் என்று வெகுநாள் ஆசை. கையில் இருப்பது, பிளஸ் ஒன் படிக்கும்போது பையனுக்கு அரசு கொடுத்த சைக்கிள். அது தாங்குமா, இல்லை ஐம்பதாயிரம் ரூபாய் போட்டு கியர் சைக்கிள் வாங்கணுமா? பார்த்தால் சைக்கிளைப் பற்றிய கேள்விதான். ஆனால் கடைசி வரியில் ‘வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, நிஜக் கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த வயதில், இந்த உடம்போடு, இது நடக்கிற காரியமா, அல்லது ராத்திரியில் படுத்துக்கொண்டு மேப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாமா? நடக்கும். அந்தச் சைக்கிளிலேயே நடக்கும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் ‘தினம் 130 கிலோமீட்டர், ஆறு நாள்’ கணக்கு நடக்காது. நடந்தாலும் அதில் சந்தோஷம் இருக்காது.

என்னைப் பற்றி இரண்டு வரி. மாயவரம் பக்கத்தில் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். வாடகை சைக்கிள், பஞ்சர், ஓவராயில் (முழுசாகப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டுவது) எல்லாம் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கோன் இறுக்குவதும் போக்ஸ் கம்பி கோப்பதும் என் வேலை. பிறகு வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டாலும், லீவு கிடைக்கும்போதெல்லாம் சைக்கிளில் ஊர் சுற்றுவதை விடவில்லை. அதிகம் போனது தஞ்சை, நாகை, ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கத்துச் சாலைகள். மலைப்பாதையில் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் கொடைக்கானல், ஊட்டி என்றால் வேறு ஆளைக் கேளுங்கள். நான் மருத்துவனும் இல்லை. உடம்பைப் பற்றிக் கீழே சொல்வதில் எது எல்லோரும் ஒப்புக்கொண்டது, எது இன்னும் தீராத விவாதம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் சைக்கிள். சாதாரண சைக்கிள் தொலைதூரம் தாங்குமா என்பதில் சந்தேகமே வேண்டாம். 1923-ல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். அவர்களில் அடி ஹக்கிம், ஜல் பாபாசோலா, ருஸ்தம் பூம்கரா ஆகிய மூவர் 1928-ல் சுற்றி முடித்து ஊர் திரும்பினார்கள். அன்றைய சைக்கிளும் சாலையும் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி 1963-ல் தன் ஊரிலிருந்து இந்தியாவுக்குத் தனியாக சைக்கிளில் வந்தார். இருந்த மூன்று கியரையும் ‘வழியில் கெட்டுப்போகும்’ என்று கழற்றி வைத்துவிட்டு வந்த பெண்மணி அவர். இவர்களைப் போலப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. ஐம்பதாயிரம் ரூபாய் இல்லாததால் நின்றுபோன பயணம் என்று நான் எதையும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. விலை உயர்ந்த சைக்கிளில் முதலில் நீங்கள் வாங்குவது எடைக் குறைவு. ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவும் காலுக்குத் தெரியும். சமதளத்தில் ஒரே வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும்போது எடைக்குப் பெரிய பங்கு இல்லை. காற்றுக்கும் டயருக்கும்தான் சக்தி போகிறது. உங்கள் பாதையில் பாலங்களின் ஏற்றத்தைத் தவிர்த்தால் மேடு என்று சொல்ல எதுவுமில்லை. அதனால் கியர் இல்லாதது பெரிய குறையில்லை. ஆனால் செயின் ஓடுகிற பல்சக்கரங்களின் பல் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருக்கும். பெரிய சக்கர சைக்கிளில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19, 20 கிலோமீட்டர் போகும் அமைப்பு அது. கடைத்தெரு வரை போய்வர அது சரி. சாமான் கட்டிக்கொண்டு எதிர்காற்றில் நாலு மணி நேரம் போனால் முட்டி கெஞ்சும். பின்னால் இருக்கும் பல்சக்கரத்தை, அதாவது ஃப்ரீவீலை, 22 பல்லாக மாற்றிவிட்டால், அதே மிதிக்கு 16 கிலோமீட்டர் வேகம் வரும், மிதி லேசாகிவிடும். கொஞ்சம் பெரிய உதிரிபாகக் கடையில் கேட்டால் கிடைக்கும். 22 கிடைக்காவிட்டால் 20 போட்டுக்கொள்ளுங்கள். புது சைக்கிள் வாங்குகிற யோசனையில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாற்றத்திலேயே அடங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

அரசு சைக்கிளுக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. அதே மாதிரி சைக்கிள் ஆயிரக்கணக்கில் ஓடுகிற ஊர்கள் வழியாகத்தான் போகப்போகிறீர்கள். டயரும் டியூபும் வால்டியூபும் (காற்றடிக்கிற வாலில் மாட்டும் சின்ன ரப்பர் குழாய்) சாயல்குடியிலும் கிடைக்கும், முத்துப்பேட்டையிலும் கிடைக்கும். மெல்லிய டயர் போட்ட வெளிநாட்டு மாதிரி சைக்கிளில் போய் வழியில் டியூப் வெடித்தால், அடுத்த பெரிய ஊர் வரை பஸ்ஸின் கூரைதான் கதி. கிளம்பும் முன் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் விட்டு முழு ஓவராயில் செய்துவிடுங்கள். பால்ரஸ் எல்லாம் எடுத்துக் கழுவிப் புது கிரீஸ் வைக்க வேண்டும். இரண்டு டயர், டியூப், செயின், பிரேக் கட்டை எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள், பழசு நன்றாகத்தான் இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னாலும் சரி. பின் சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, தொளதொளவென்று சத்தம் வருவதை இறுக்கி, கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். சாமான் எடை முழுக்க அந்தச் சக்கரத்தின் மேல்தான் இறங்கும். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று ஒரு தட்டு காலில் தெரிந்தால் அது பெரும்பாலும் கிராங்கின் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) காட்டர் பின், அதாவது அதை அச்சோடு பிடித்திருக்கும் ஆணி, தேய்ந்ததுதான். வழியில் அது சரியாகாது, கூடிக்கொண்டுதான் போகும். எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. ஈரச் சாலையில் வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிடுவதைத் தவிர அதற்கு வழியில்லை.

இனி நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் சைக்கிளைவிட முக்கியமானது: காற்று. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. நமக்குச் சாலையில் பாதி அதுதான். நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், காற்றுத் தடை நான்கு மடங்காகிவிடும். மேப்பில் தட்டையாகத் தெரிகிற சாலை அன்று மலையாகிவிடும். ஆகவே எந்த மாதம் கிளம்புகிறீர்கள் என்பது எந்த சைக்கிளில் கிளம்புகிறீர்கள் என்பதைவிடப் பெரிய முடிவு. நம் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகும் கொஞ்ச காலம் காற்று வடகிழக்கிலிருந்தே வீசும். தெற்கே போகிறவருக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளுகிற காற்று. பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் ஆகிவிட்டால் கடற்காற்று தென்கிழக்குப் பக்கம் திரும்பிவிடும், வெயிலும் ஏறிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று சாதகம்தான், ஆனால் மழையும் புயலும் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. அந்த மாதங்களில் போனால் பயணத்தின் கடைசி இரண்டு நாளை அதில் சிக்கிக்கொண்டுதான் கழிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் தினசரிக் கணக்கு. கடற்கரையோரமாகவே போனால் மொத்தம் 800 கிலோமீட்டரை ஒட்டி வரும். சென்னை–புதுச்சேரி சுமார் 150, அங்கிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் இன்னொரு 150, நாகையிலிருந்து ராமநாதபுரம் சுமார் 230, அங்கிருந்து தூத்துக்குடி 120, தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர், உவரி வழியாகக் கன்னியாகுமரி 130. நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்கென்றே உலகம் முழுக்க ஒரு வழக்கம் இருக்கிறது: 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடித்தால் சான்றிதழ். நம் ஊரிலும் நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது வேறு ஆசை. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், உங்களுக்குக் கடிகாரத்தோடு சண்டை போடும் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. ‘மரக்காணம் உப்பளத்தை நிதானமாகப் பார்க்கணும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தினம் 130 போகிறவர் உப்பளத்தைப் பார்க்க மாட்டார், கிலோமீட்டர் கல்லைத்தான் பார்ப்பார்.

என் பரிந்துரை நாளுக்கு 60 முதல் 70. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நாலரை மணி நேர மிதி. ஜனவரியில் விடிய ஆறரை ஆகும். வெளிச்சம் வந்ததும் கிளம்பினால் எட்டரைக்குள் 25, 30 கிலோமீட்டர் முடிந்திருக்கும். எங்கேயாவது இட்லி. அப்புறம் பதினொன்றரை வரை மெதுவாகப் போய், நிழல் பார்த்து நிறுத்திவிட வேண்டும். மிச்சம் இருந்தால் மூன்றரைக்கு மேல். ஆறு மணிக்கு மேல் சாலையில் இருக்கவே கூடாது. இதில் நான் கறாராக இருப்பேன். பின்னால் எத்தனை விளக்கு மாட்டினாலும், இருட்டில் எதிரே வருகிற லாரியின் ஹைபீமில் உங்களுக்கும் பாதை தெரியாது, உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். இந்தக் கணக்கில் மொத்தப் பயணம் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் ஆகும். அவ்வளவு லீவு கிடைக்காது என்றால் இரண்டாகப் பிரியுங்கள். இந்த வருடம் சென்னையிலிருந்து நாகை வரை ஐந்து நாள். நாகையிலிருந்து ரயிலேறித் திரும்பிவிடலாம். அடுத்த வருடம் விட்ட இடத்திலிருந்து எட்டு நாள். ஒரே மூச்சில் போனால்தான் கணக்கு என்று யாரும் சட்டம் போடவில்லை. இப்படிப் பிரித்துப் போவதில் எனக்கு ரகசியமாக ஒரு மகிழ்ச்சி உண்டு. நடுவில் இருக்கும் பதினோரு மாதமும் மேப்பைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மேப் பார்ப்பதைப் பற்றி நீங்கள் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். கூச்சமே வேண்டாம், அது பயணத்தில் ஒரு பாகம். ஆனால் கன்னியாகுமரியையே பார்த்துக் கனவு காணாதீர்கள். அடுத்த நாற்பது கிலோமீட்டரை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். பாலாறு எங்கே கடக்கிறது, கழுவேலி ஏரி சாலைக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது, ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்பும் கிளைச் சாலை எது, கொள்ளிடம் பாலத்தைக் காலையில் கடப்போமா சாயங்காலமா? இப்படிப் பார்த்துப் பழகினால் கனவே திட்டமாகிவிடும். எந்த ஊருக்கு இடையில் தங்க இடம் இல்லை என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். சிதம்பரம், வேளாங்கண்ணி, திருச்செந்தூர் என்று கோயிலும் மாதாவும் இருக்கிற ஊர்களில் அறைக்குப் பஞ்சமில்லை. மணமேல்குடி, மீமிசல் பக்கம் குறைவு. அந்த இரண்டு நாளைக்கு மட்டும் முன்கூட்டியே போன் போட்டு விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, சந்தோஷம் எங்கே இருக்கிறது? வேகத்தில்தான், அதாவது வேகம் குறைவாக இருப்பதில். ஒரே தூரத்தை நடந்து கடக்க ஆகும் சக்தியில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ இருந்தால் சைக்கிளில் கடந்துவிடலாம். மனிதன் தன் தசையை மட்டும் வைத்து இவ்வளவு சிக்கனமாக நகர வேறு வழி இல்லை. ஆனாலும் அந்த வேகத்தில் எதுவும் தப்பிப்போகாது. காரில் போனால் மரக்காணம் ஒரு வெள்ளைக் கோடு. சைக்கிளில் போனால், உப்பளம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்தச் சேறு கலந்த உப்பு வாடை வந்துவிடும். பாத்தியில் பலகை இழுக்கிறவர்கள் காலில் ரப்பர் பூட்ஸ் மாட்டியிருப்பதும், விளிம்பில் குவித்த உப்பு காலை வெயிலில் லேசாக நீலம் அடிப்பதும் தெரியும். தெரிந்ததும் நிறுத்தலாம். பின்னால் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள், பார்க்கிங் தேட வேண்டாம், ஒரு காலை ஊன்றினால் நின்றாயிற்று. நினைத்த இடத்தில் நிற்க முடிவது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்று முதல் நாள் மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும்.

இன்னொன்று ஜனங்கள். பெட்டி கட்டின சைக்கிளோடு டீக்கடையில் நின்றால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். வேம்பார் தாண்டி ஒரு கடையில் டீ ஆற்றிக்கொண்டே கேட்டார்: “எங்கருந்து அண்ணாச்சி வாறீய?” நாகப்பட்டினம் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு சைக்கிளைச் சுற்றி வந்து ஒரு பார்வை பார்த்தார். “சைக்கிள்லயா? ஏன், பஸ்ஸு எதும் ஓடலியா?” கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், நானும்தான். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்த ஊரின் பனைமரக் கதை முழுக்க ஓடியது, டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். உங்கள் வீட்டில் சிரிக்கிறார்கள் என்றீர்களே, வழியெல்லாம் இந்தச் சிரிப்புதான் இருக்கும். பழகிக்கொள்ளுங்கள், அதில் கெடுதல் எதுவுமில்லை.

உங்கள் சைக்கிளுக்கென்றே ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. காலை எட்டரைக்கும் சாயங்காலம் நாலரைக்கும் சாலை முழுக்க அதே சைக்கிளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் வருவார்கள். உங்களைப் பார்த்ததும் பந்தயம்தான். தோற்றுப்போவீர்கள். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் எல்லாம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்த மாவட்டம் அது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். குவாரியில் கல்லுடைத்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கடையில் கிடைக்காமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பழகினவர்கள் ஏராளம். அந்தச் சாலையில் சீருடைப் பெண்பிள்ளைகள் நாலு பேர் வரிசையாகப் பேசிக்கொண்டே மிதித்துப்போவதைப் பார்த்தால் எனக்கு அது ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

உடம்புக்கு வருகிறேன். நிச்சயமாகச் சொல்லக்கூடியவை முதலில். சீட் உயரம் சரியாக இருக்க வேண்டும். சீட்டில் நேராக உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் முழுசாக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு வரும், அதுதான் சரி. நம் ஆட்கள் பத்துக்கு எட்டுப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, முட்டிக்கு முன்புறம் வலி என்பார்கள். உங்களுடையது பள்ளிப் பிள்ளைக்கு வைத்த உயரமாக இருக்கும், முதலில் அதை ஏற்றுங்கள். சீட் தண்டு போதவில்லை என்றால் நீளமானது வாங்கிப் போடுங்கள், ஆனால் அதில் குறித்திருக்கும் கோட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கை ஓரத்து நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். கையை அடிக்கடி மாற்றிப் பிடியுங்கள், பிடியில் கொஞ்சம் துணி சுற்றுங்கள். முதுகில் பை மாட்டாதீர்கள், அத்தனை எடையும் உட்காருமிடத்தில்தான் இறங்கும். சாமானைக் கேரியரின் இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிட்டு, பழைய டியூபை நீளவாக்கில் வெட்டின ரப்பரால் இழுத்துக் கட்டுங்கள். காசு கொடுத்து வாங்குகிற கயிறு எதுவும் அந்தப் பிடி பிடிக்காது.

இனி விவாதத்தில் இருப்பவை. தசைப்பிடிப்புக்குக் காரணம் உப்புச்சத்து குறைவதா, தசை களைத்துப்போவதா என்று ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நான் நீர்மோரில் உப்புப் போட்டுக் குடிக்கிறேன், வேகத்தையும் குறைத்துக்கொள்கிறேன். இரண்டில் எது வேலை செய்கிறது என்று கேட்டால் சிரிப்பேன். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பது நல்லதில்லை என்பது மட்டும் உறுதி, ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். ஜெல் வைத்த மெத்தை சீட்டு பற்றியும் இரண்டு கட்சி. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற உங்கள் சைக்கிளுக்கு ஸ்பிரிங் வைத்த கொஞ்சம் அகலமான சீட் பொருத்தம். ரொம்ப மெத்தென்று இருந்தால் முதல் மணி நேரம் சுகமாக இருக்கும், மூன்றாவது மணி நேரம் எலும்பு உள்ளே அமிழ்ந்து சுற்றியிருக்கிற சதை அழுந்தும். இது என் அனுபவம், எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதாக ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் போகிறபோக்கில் விட மாட்டேன். இன்சுலினும் சில வகை மாத்திரைகளும் எடுப்பவர்களுக்கு, நாலு மணி நேரம் தொடர்ந்து மிதித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். சில சமயம் அன்று ராத்திரி தூக்கத்தில்கூட இறங்கும். உங்கள் மாத்திரை அந்த வகையா, பயண நாட்களில் அளவை மாற்ற வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. நெஞ்சுக்கும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சட்டைப் பையில் எப்போதும் கடலை மிட்டாயும் குளுக்கோஸும் இருக்கட்டும்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். இரண்டு, மூன்று மாதம், வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடுதலாக. அப்புறம் ஒரு ஒத்திகை: சனிக்கிழமை முழு சாமானோடு மாமல்லபுரம் போய்த் தங்கி, ஞாயிறு திரும்புங்கள். அந்தச் சாலையில் வார இறுதியில் கார்கள் பறக்கும், அதனால் இரண்டு நாளும் விடிந்ததும் கிளம்பி ஒன்பது, ஒன்பதரைக்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும். இரண்டாம் நாள் காலை திரும்ப சீட்டில் உட்காரும்போது உடம்பு என்ன சொல்கிறதோ, அதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். சாலையில் வெள்ளைக் கோட்டை ஒட்டி, நேராகப் போங்கள். ஓரத்து மணலில் இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் போகிறவர்தான் விழுகிறார். நான் அதிகம் பயப்படுவது பின்னால் வருகிற வண்டிக்கு இல்லை. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வண்டியை முந்திக்கொண்டு நம் பக்கத்துக்கு வந்துவிடுகிற பஸ்ஸுக்குத்தான். அது கண்ணில் பட்டால் கௌரவம் பார்க்காமல் சாலையை விட்டு இறங்கிவிடுங்கள். ஹெல்மெட், பின்னால் பார்க்க ஒரு கண்ணாடி, பளிச்சென்ற சட்டை மூன்றும் கட்டாயம்.

பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கச் சீமைக் கருவேலம், வெட்டிப்போட்ட கிளையின் முள் சாலையோரத்தில் சிதறிக் கிடக்கும். டியூபில் ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டுவது எல்லோருக்கும் தெரியும். அதே முள் டயருக்குள் இன்னும் நிற்கிறது என்பதை மறந்து மாட்டிவிட்டு, அரை கிலோமீட்டரில் மறுபடி இறங்குவதுதான் வழக்கம். கடையில் அப்பா ஒரு துண்டுப் பஞ்சை வைத்திருப்பார். டயரின் உள்பக்கம் முழுக்க அதை மெதுவாக ஒரு சுற்று இழுப்பார். முள் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒடிந்திருந்தாலும் பஞ்சு நூலாகச் சிக்கிக் காட்டிவிடும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும். பஞ்சு, சொலுஷன், ஒட்டு ரப்பர், உப்புத்தாள், டயர் லீவர் இரண்டு, கைப்பம்பு, ஒரு புது டியூப், நாலைந்து வால்டியூப், ஸ்பேனர். எல்லாம் ஒரு பழைய டிபன் டப்பாவுக்குள் அடங்கிவிடும்.

திரும்பும் வழி: கன்னியாகுமரியிலிருந்து சென்னை எழும்பூருக்கு தினமும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஸ்டேஷன் பார்சல் அலுவலகத்தில் சைக்கிளை பிரேக் வேனில் பதிவு செய்து, அதே வண்டியில் நீங்களும் வரலாம். வண்டி கிளம்பும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். உங்கள் டிக்கெட்டையும் அடையாள அட்டையின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள், பெடலைக் கழற்றி ஹேண்டில் பாரைத் திருப்பிக் கட்டி, சேரும் ஸ்டேஷனையும் போன் நம்பரையும் அட்டையில் பெரிதாக எழுதி இரண்டு இடத்தில் தொங்கவிடுங்கள். கண்ணாடியையும் விளக்கையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போதைக்கு எனக்கு இரண்டு தகவல் வேண்டும். பின் சக்கரத்து ஃப்ரீவீலில் எத்தனை பல் என்று எண்ணுங்கள், ஒரு பல்லில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டு எண்ணினால் தப்பாது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் அளவையும் பார்த்து, அப்படியே இங்கே எழுதுங்கள். என்ன மாற்ற வேண்டும், எது இருந்தபடியே போதும் என்று சொல்கிறேன்.